யார் வந்தார் என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வாராவாரம் உங்கள் பத்திரிகையில் வரும் கனவு பலன் பகுதியை விடாமல் படிக்கிறேன். பாம்பு வந்தால் இது, பல் விழுந்தால் அது என்று போடுகிறீர்கள். கனவில் யார் வந்தார் என்று மட்டும் கேட்பதே இல்லை.

எனக்குச் சொந்த ஊர் முக்கூடல். முப்பத்திரண்டு வருஷம் பீடி சுற்றினேன். மத்தியானமானால் எங்கள் திண்ணையில் ஐந்தாறு பேர் மடியில் சுளகோடு உட்கார்ந்துவிடுவோம். கை பாட்டுக்கு இலையைச் சுருட்டும், வாய் ஊர்க்கதை பேசும். இப்போது இரண்டு வருஷமாகப் பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறேன். விடிந்ததும், கனவில் வந்தவர் பெயரை காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைக்கிறேன்.

முதல் ஆறு மாசமும் திண்ணைக்காரிகள்தான் வந்தார்கள். அதிலும் ஒருத்தி, குழாயடிச் சண்டையில் நான்கு வருஷமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவள், அடிக்கடி வருவாள். பக்கத்தில் உட்கார்ந்து, "மதினி, அந்தக் கத்தரியக் கொஞ்சம் தாங்க" என்பாள், பழைய மாதிரியே. நானும் எடுத்துக் கொடுப்பேன். பிடியில் சுற்றியிருந்த நீலத் துணிகூட அப்படியே தெரியும்.

அப்புறம் ஆள் மாறியது. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, காலையில் கோலம் போடும்போது "ஆச்சி, காப்பி குடிச்சாச்சா" என்று கேட்பாள். பீடி இலையைக் கண்ணால் கண்டிருக்க மாட்டாள். அவள் முக்கூடல் திண்ணையில் சுளகோடு உட்கார்ந்திருக்கிறாள்! ஒரே வீட்டில் இருக்கும் மகனோ இதுவரை மூன்று தடவைதான் வந்திருக்கிறான். காலை ஏழு மணிக்குப் போகிறவன் இரவு பத்துக்குத்தான் திரும்புகிறான், பேச எங்கே நேரம்?

உளவியல் படிக்கும் பேத்தியிடம் இதைச் சொன்னேன். கால்வின் ஹால், ராபர்ட் வான் டி காசில் என்ற அமெரிக்கர்கள் 1966-லேயே இதற்குக் கணக்கு வைத்தார்கள் என்றாள். 200 மாணவ மாணவியரிடம் ஆளுக்கு ஐந்தாக 1,000 கனவுகளை வாங்கி, வந்தது வீட்டாரா, பழகியவரா, முன்பின் தெரியாதவரா, அவரோடு நட்பா சண்டையா என்று எண்ணினார்களாம். பகலில் மனசு யாரோடு புழங்குகிறதோ அவர்களேதான் ராத்திரியும் வருவார்கள் என்று அந்த வழியில் வந்தவர்கள் சொல்கிறார்களாம். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

அதனால் பலன் போடும் பக்கத்தில் ஒரு மூலையையாவது ஒதுக்குங்கள். "இந்த வாரம் கனவில் யார் வந்தார், அவரோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்" என்று வாசகர்களைக் கேளுங்கள். முதல் கடிதம் நான் போடுகிறேன்.

அடுத்த மாசம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போகிறேன். கத்தரி கேட்டவள் வீட்டுக்கு நானே போவேன். அவள் கனவில் நான் வருகிறேனா என்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
பீடித் தொழிலாளியாக இருந்த ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.