பொருள்: 14 அடி, 16 அடி அலுமினியப் படகுகள் குறித்து முன்னுக்குப்பின் முரணான தகவல் தந்தது பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் கேட்டு, மின்னஞ்சலில் கேட்டு, நேரில் வந்தும் கேட்டு அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். உங்கள் இரண்டு மீன்பிடிப் படகுகளில் எதை எடுப்பது என்று முடிவுசெய்ய எனக்கு இரண்டே விவரம்தான் தேவைப்பட்டது. படகைச் செய்தவர்களுக்குத் தெரியாத விவரம் அல்ல.

முதலில் சுமை. 14 அடிப் படகின் கொள்ளளவுத் தகட்டில் "ஆட்கள், எஞ்சின், சாமான்கள்: 360 கிலோ" என்று பொறித்திருக்கிறீர்கள். மூன்று பேர் 225 கிலோ, 15 ஹெச்பி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் 50, டேங்கோடு 25 லிட்டர் பெட்ரோல் 22, பேட்டரி 28, நங்கூரம், கயிறு, வலை, ஐஸ் பெட்டி எல்லாம் 55. ஆக 380. அளவை மீறி 20 கிலோ. உங்கள் விற்பனைப் பிரதிநிதியோ, "360ல எஞ்சின் சேராது சார், தாராளமா போகலாம்" என்கிறார். தகட்டில் இருப்பதை அப்படியே வாசித்துக் காட்டினேன். "பதினாறு வாங்க முடியலேன்னா பதினாலை எடுங்க. ரெண்டடிதானே வித்தியாசம், ஏன் இப்படி நோண்டுறீங்க?" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

ரெண்டடியாம்! நீளத்தோடு அகலமும் பக்க உயரமும் கூடுகிறதே, அது கணக்கில்லையா? 16 அடியின் தகட்டில் 560 கிலோ என்று போட்டது நீங்கள்தானே? 14ஐ இரண்டு பேர் கரையில் இழுத்துப் போட்டுவிடலாம், 16க்கு டிரெய்லர் இல்லாமல் முடியாது. அதற்காகத்தான் சின்னதை யோசித்ததே. ஆனால் எஞ்சின், பேட்டரி, டேங்க் மூன்றும் பின்பக்கம் சேர்ந்து, அளவுக்கு மேல் ஆளும் ஏறினால், வேகத்தைச் சட்டென்று குறைக்கும்போது படகு கிளப்பிய அலையே எஞ்சின் மாட்டும் பின்பலகைக்கு மேல் ஏறி உள்ளே கொட்டும். உங்கள் ஆள் பேச்சை நம்பியிருந்தால் மூன்று உயிர் போயிருக்கும்.

அடுத்தது பின்பலகை உயரம். இரண்டு படகுக்கும் 20 அங்குலம் என்றார்கள். அதை நம்பி அந்த உயரத்துக்கு ஏற்ற நீளத் தண்டுள்ள லாங் ஷாஃப்ட் எஞ்சின் வாங்கியாயிற்று. யார்டில் டேப் வைத்துப் பார்த்தால் 14 அடிக்கு 15 அங்குலம்! புரொப்பெல்லருக்கு மேலிருக்கும் தட்டையான தகடு படகின் அடிமட்டத்தை ஒட்டி நிற்க வேண்டும். இதில் 5 அங்குலம் கீழே போகிறது. வேகம் போகும், தண்ணீர் வாரி அடிக்கும், ஆழம் குறைந்த இடத்தில் புரொப்பெல்லர் தரையைத் தட்டும். "ஒரு கட்டை வச்சு ஏத்திக்கோங்க" என்பது அதே மனிதரின் யோசனை. எஞ்சினை உயர்த்தினால் பலகையில் விழும் நெம்புவிசை கூடி மூலை ரிவெட்டுகள் தளரும் என்பது அவருக்குத் தெரியாதா? போதாக்குறைக்கு அந்தக் கட்டை செம்பு கலந்த மருந்தில் ஊறிய மரமாக இருந்தால் ஈரம் பட்டு அலுமினியத்தையே அரித்துவிடும்.

அந்த யார்டுக்கு வந்ததே ஒரு தண்டனை. "ரெண்டு படகும் பக்கத்துல பக்கத்துல நிக்குது, வந்து பாருங்க" என்று அழைத்தார்கள். வந்தால், நான் கேட்ட, அடிப்பகுதி V வடிவில் இருக்கும் 16 அடிப் படகு இல்லை. அடிப்பகுதி தட்டையான ஒரு படகைக் காட்டி "இதுவும் பதினாறுதான் சார்" என்றார்கள். அலையில் அந்தத் தட்டைப் படகு அறைகிற அறைக்கும் V வடிவப் படகுக்கும் என்ன சம்பந்தம்?

மீன்பிடிப் பருவமே கைவிட்டுப் போய்விட்டது. இந்த ஆண்டு முழுக்க நஷ்டம்தான்.

உங்கள் நிறுவனத்தின் மேல் மதிப்பு வைத்துத்தான் இன்னும் பொறுமையாகக் கேட்கிறேன். 360 கிலோவில் எஞ்சின் அடங்குமா, 16 அடியின் பின்பலகை எத்தனை அங்குலம் என்பதை அளந்து, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். 20 என்றால் முன்பணத்தை 16க்கு மாற்றிக்கொள்ளுங்கள். 15 என்றால் முன்பணத்தோடு எஞ்சின் மாற்றும் செலவும் திரும்ப வேண்டும். 7 நாட்களில் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்தில் தகட்டின் படத்தோடு நிற்பேன்.

தயவுசெய்து அந்தப் பிரதிநிதியை மட்டும் மறுபடி என்னிடம் பேசச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும் வாடிக்கையாளர்