செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு விதிப்படி கூடியது. ரத்ததான முகாமும் சிறுவர் ஓவியப் போட்டியும் நடந்தேறின. மறைந்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் சார்பில் அஞ்சலி.

இனி, ஆண்டின் முக்கியப் பணிக்கு வருகிறேன். சென்ற பொதுக்குழு, பழைய கோப்புகளை இணைய ஆவணங்களாக மாற்ற ஒப்புதல் தந்தது. “அதையெல்லாம் இனி யார் புரட்டப் போகிறார்கள்?” என்று அன்று கேட்டவர்களுக்கும் சேர்த்தே இந்த விவரம். அலமாரியில் கையால் எழுதிய கூட்டக் குறிப்பேடுகள் இருந்தன. கணினியில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கைகள், பிடிஎஃப் கோப்புகள், எக்செல் கணக்குத் தாள்கள் கிடந்தன. ஒவ்வொன்றையும் ஆள் வைத்துத் தட்டச்சு செய்ய நம் நிதி இடம் கொடுக்காது. அதனால்தான் ஏஐ ஏஜென்ட் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டோம். கேட்டதற்குப் பதில் சொல்வதோடு இது நிற்பதில்லை. கோப்புறையைக் காட்டி வேலையைச் சொன்னால், ஒவ்வொரு கோப்பையும் திறந்து, அது எந்த வகை என்று பார்த்து, அதற்கேற்ற மாற்றும் நிரலை இயக்கி, இணைய ஆவணத்தை உருவாக்கி, தேதியோடு பெயரிட்டு, உரிய இடத்தில் சேர்த்துவிடுகிறது.

பாமினிச் சுற்றறிக்கைகள் சுலபமாக முடிந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எந்தக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற அட்டவணை இருப்பதால், அதை வைத்தே, எல்லாக் கணினியிலும் தெரியும் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றச் சொன்னோம். ஏஐ தானே படித்து ஊகிக்க அங்கு வேலையே இல்லை. பிடிஎஃப் கோப்புகள்தான் படுத்தின. பக்கத்தின் எந்த இடத்தில் எந்த வடிவம் நிற்கிறது என்பதே அந்த வகைக் கோப்புக்கு முக்கியம். எழுத்துகளின் முறையான வரிசை அதில் இருக்கும் என்ற உறுதி இல்லை. ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பிரிந்து வந்தது. யூனிகோடிலோ மெய்யெழுத்துக்குப் பிறகுதான் உயிர்க்குறி வரவேண்டும். அந்தப் பக்கங்களைப் படமாக்கி, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருள் வழியாக மறுபடி படிக்க வைத்தோம்.

கையெழுத்துக் குறிப்பேடுகளைப் பற்றி உறுப்பினர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். பொது இடத்தை வாகனம் நிறுத்த ஒதுக்கலாம் என்ற பழைய தீர்மானம் ஒன்று, மூல ஏட்டில் “ஏற்கப்படவில்லை” என்று இருக்கிறது. பக்கத்தின் அடியில் “ஏற்கப்பட” என்று நின்று, மீதி அடுத்த பக்கத்தின் தலையில், மை ஊறிய இடத்தில் கிடக்கிறது. கருவி தந்த ஆவணத்தில் “ஏற்கப்பட்டது” என்று சுத்தமாக வந்திருந்தது. எழுத்துப்பிழை இல்லை, வாக்கியப் பிழை இல்லை. உண்மை மட்டும் தலைகீழ். மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் படிக்காத எவர் கண்ணுக்கும் அது தப்பியிருக்கும். சந்தா ஏட்டிலும் எண் ஒன்றா ஏழா என்ற குழப்பம் வந்தது; தெளிவில்லாத எண்ணுக்குக் கருவி பொருத்தமான எண் ஒன்றைத் தானே போட்டுவிட்டது. அதற்குப் பிறகு, ஐயமுள்ள இடத்தில் ‘தெளிவில்லை’ என்று குறிக்க வேண்டும், மொழியைத் திருத்தக் கூடாது, ஒவ்வொரு பக்கத்தோடும் மூலப் படத்தை இணைக்க வேண்டும் என்று கட்டளையை மாற்றினோம். தவறுகள் குறைந்தன. ஆனாலும் மனிதக் கண் படாத பக்கத்தைச் சங்கத்தின் ஆவணம் என்று நான் கையொப்பமிட மாட்டேன்.

இங்கேதான் வருத்தத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற பொதுக்குழுவில், பிழை பார்க்க வருவதாக உயர்ந்த கைகள் பல. வந்து உட்கார்ந்தவர்கள், துணைச் செயலாளரையும் மூத்த உறுப்பினர்கள் சிலரையும் தவிர, யாருமில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பக்கம் பக்கமாகப் படித்த அந்த மூத்தவர்களுக்குச் சங்கம் கடன்பட்டிருக்கிறது. கருவி இரவோடு இரவாக முடித்துக் கொடுத்த ஏடுகள், படிக்க ஆளில்லாமல் மாதக்கணக்கில் ‘வரைவு’ என்ற பெயரிலேயே நிற்கின்றன. ‘பணி ஏன் முடியவில்லை’ என்று கேட்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆவணங்களைச் செயலாளர் தன் பெயரில் வைத்துக்கொண்டார் என்ற பேச்சும் காதில் விழுந்தது. அவை அனைத்தும் சங்கத்தின் பொதுக் கணக்கில் உள்ளன. தலைவர், பொருளாளர் இருவருக்கும் திருத்தும் உரிமை உண்டு. உறுப்பினர்கள் படிக்கலாம். யார் எப்போது எதை மாற்றினார் என்பது திருத்த வரலாற்றில் பதிவாகிறது. முகவரியும் தொலைபேசி எண்ணும் உள்ள உறுப்பினர் பதிவேட்டைக் கருவியிடம் கொடுக்கவே இல்லை. இணைப்பு கிடைத்த எவரும் திறக்கலாம் என்ற அமைப்பையும் எந்த ஆவணத்துக்கும் வைக்கவில்லை. வெளியிலிருந்து வந்த கோப்புகளையும் தனியே ஒதுக்கினோம். கோப்புக்குள் எழுதியிருக்கும் வாசகத்தையே கட்டளையாக எடுத்துக்கொண்டு நடக்கும் ஆபத்து இவ்வகைக் கருவிகளுக்கு உண்டு.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நிலை மோசமில்லை, கையிருப்பு இருக்கிறது. சந்தா பாக்கி மட்டும் சென்ற ஆண்டை விடக் கூடியிருக்கிறது. நினைவூட்டல் பலமுறை போயிற்று. கருவியின் கட்டணமும் சேமிப்பிடக் கட்டணமும் சந்தாவிலிருந்துதான் போகின்றன. கட்டணம் நின்றால் பணி பாதியில் நிற்கும்.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், செயற்குழுவினர், இடமளித்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் குறிப்பேடுகளின் சரிபார்ப்பை முடித்து, தேடினால் கிடைக்கும் வகையில் பொருளடக்கம் செய்ய எண்ணம். இந்தப் பொறுப்பில் தொடரச் சிலர் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். இருவர் சேர்ந்து ஓர் ஏடு, ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றவர் ஆவணத்தைப் பார்ப்பது என்ற முறையில் ஏடுகளைப் பிரித்துப் பட்டியலிட்டிருக்கிறேன். பட்டியல் பொருளாளரின் மேசையில், ரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர்கள் நிரம்பினால் என் பதிலையும் இன்றே சொல்லிவிடுவேன்.

இங்ஙனம்,
செயலாளர்