ஷிப்ட் இன்சார்ஜ் ஆன மகளுக்கு

அன்புள்ள கயல்,

ஷிப்ட் இன்சார்ஜ் ஆனதில் சந்தோஷம். கண்ட்ரோல் ரூமில் அலாரம் ஓயவில்லை, போனும் வாட்ஸ்அப் குழுவும் விடுவதில்லை, எதை முதலில் பார்ப்பது என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தாய்.

மில்ஃபோர்டு ஹேவன் விபத்தைப் படி. வேல்ஸில் இருக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 1994 ஜூலை 24. காலை இடிமின்னலில் பிளான்ட் தடுமாறியது. வெடித்தது மதியத்துக்கு மேல். நடுவில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கையில் இருந்தது! ஒரு கண்ட்ரோல் வால்வு மூடிக் கிடக்க, திரையோ திறந்திருப்பதாகச் சொன்னது. ஃபீட், அதாவது உள்ளே வரும் எண்ணெய், வந்துகொண்டே இருந்தது, வெளியே போக வழியில்லை. கடைசி 11 நிமிடத்தில் 275 அலாரம். ‘பார்த்துவிட்டேன்’ என்று அக்னாலட்ஜ் பொத்தானை அமுக்கவே கை போதாதவர்கள் எங்கே யோசிப்பது? ஃபிளேருக்கு, அதாவது மிச்ச வாயுவை எரிக்கும் கோபுரத்துக்கு, போகும் வழியில் திரவத்தைப் பிடிக்கும் டிரம் நிரம்பி, குழாய் உடைந்து, சுமார் 20 டன் ஹைட்ரோகார்பன் வெளியேறித் தீப்பிடித்தது. 26 பேருக்குக் காயம். ஞாயிற்றுக்கிழமை, ஆலையில் ஆள் குறைவு என்பதால் அவ்வளவோடு போயிற்று.

உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்ற கணக்கை ஒரே திரையில் பார்க்க அங்கே வசதியில்லை. ஆகவே பிளான்ட் தடுமாறினால் நீ பேனலில் உட்காராதே, பின்னால் நில். போனை வேறொருவரிடம் கொடு. அலாரத்தை ஆபரேட்டர் பார்க்கட்டும். உனக்கு ஃபீட், வெளியேற்றம், லெவல் மூன்றும் போதும். லெவல் ஏறுகிறது, வெளியேற்றம் இல்லையென்றால் ஃபீல்டுக்கு ஆளனுப்பி வால்வு ஸ்டெம்மை, அதன் தண்டை, கண்ணால் பார்த்துச் சொல்லச் சொல். எந்த லெவலில் ஃபீட்டை நிறுத்துவது என்பதை அமைதியான நாளிலேயே எழுதி, கையெழுத்து வாங்கி வை. நெருக்கடியில் அதைப் பற்றி வாதாட நேரம் இருக்காது.

அலாரத்தைக் குறைப்பதும் உன் வேலைதான். அலாரம் அமைப்புக்கான வழிகாட்டி நூல் ஈமுவா (EEMUA) 191 சொல்லும் அளவு, சாதாரண நேரத்தில் 10 நிமிடத்துக்கு ஒன்று. தடுமாற்றத்தின் முதல் 10 நிமிடத்தில் பத்துக்குள். மொத்த அலாரங்களில் உச்ச முன்னுரிமை கொண்டவை 5% தாண்டக் கூடாது. மில்ஃபோர்டு ஹேவனில் அது 87%! வாராவாரம் அதிகம் கத்திய பத்தைப் பட்டியலெடு. எல்லையில் ஏறி இறங்கிக் கத்தும் லெவல் அலாரத்துக்கு 5% டெட்பேண்டும் (எல்லையிலிருந்து அவ்வளவு திரும்பினால்தான் அலாரம் அடங்கும்) 60 விநாடி டிலேயும் (தாமதம்) வைத்துப் பார்; ஃப்ளோ அலாரத்துக்கு டிலே 15 விநாடி. அலாரம் அடிக்கும் எல்லையான செட்பாயிண்ட்டை உயர்த்திச் சத்தத்தை அடக்குபவர்கள் எல்லா ஆலையிலும் உண்டு, விடாதே.

வாட்ஸ்அப் குழு கேன்டீன் விஷயத்துக்கு இருக்கட்டும். பிளான்ட் சங்கதி லாக் புத்தகத்தில் ஏற வேண்டும். ஷிப்ட் மாறும்போது, ஷெல்வ் செய்த, அதாவது தற்காலிகமாக அடக்கி வைத்த, அலாரங்களை வாய்விட்டுப் படித்துக்காட்டி, வருபவரிடம் கையெழுத்து வாங்கு.

அப்பா