கொடுங்கையூர் எரிஉலை: ஈரத்தைப் பிரிக்காமல் தீ மூட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு வளாகத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டம் பற்றிய விவாதத்தில் எல்லோரும் புகைபோக்கியைத்தான் பார்க்கிறார்கள். உலையின் வாயில் என்ன விழுகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். புகையின் குணத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதுதான்.

சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. அதில் ஒரு வீட்டின் பையைப் பிரித்துப் பாருங்கள். முருங்கைக்காய்ச் சக்கை, மீந்த சோறு, கிழிந்த வாழை இலை, பால் கவர், டயாபர், வாசல் பெருக்கி அள்ளிய மண், அடியில் தேங்கிய புளித்த நீர். தெருமுனை இளநீர்க் கூடும் இதோடு சேர்ந்து காம்பாக்டர் லாரியில் நசுங்கும்போது காகிதமும் துணியும் அந்த நீரைக் குடித்துவிடுகின்றன. நன்றாக எரிய வேண்டிய பொருளும் அங்கேயே கெட்டுவிடுகிறது.

ஒரு கிலோ கலப்புக் குப்பையில் அரை கிலோ தண்ணீர், 200 கிராம் மண்ணும் கண்ணாடியும் என்று வைத்துக்கொள்வோம். எரியக்கூடியது 300 கிராம். அது ஏறத்தாழ 1,350 கிலோ கலோரி வெப்பம் தரும். அரை கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 300 போய்விடும். மிச்சம் 1,050. எரிசக்திக்குப் பயன்படுத்த 1,500 வேண்டும் என்றன 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். அதே குப்பையில் ஈரத்தை 25 விழுக்காட்டுக்கும் மண்ணை 15 விழுக்காட்டுக்கும் குறைத்தால் 2,500 தாண்டும். இந்த வித்தியாசத்தை எந்த வெளிநாட்டு இயந்திரமும் ஈடுகட்டாது. சமையலறையில் இரண்டு கூடை வைத்தால்தான் முடியும்.

இதை நாடு ஒருமுறை பணம் கட்டிப் படித்திருக்கிறது. 1987-இல் டெல்லி திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தில் ஓர் ஆலை கட்டினார்கள். நாளொன்றுக்கு 300 டன் குப்பை, 3.75 மெகாவாட் மின்சாரம் என்பது திட்டம். உலை கேட்டது கிலோவுக்கு ஏறத்தாழ 1,460 கிலோ கலோரி. வந்த குப்பையில் இருந்தது 600, 700 தான். 21 நாள் சோதனை ஓட்டத்தோடு நின்றுபோனது.

பிரிக்காத குப்பை வந்தால் உள்ளே நடப்பது இதுதான். குப்பையைச் சேமிப்புக் குழியில் ஐந்தாறு நாள் போட்டு நீர் வடியவிட்டு, கிரேனால் கிளறிக் கலந்து, உலைக்குள் நகரும் இரும்புத் தட்டி மேல் கொட்டுவார்கள். தட்டியின் முதல் பகுதி ஈரத்தை உலர்த்த, நடுப்பகுதி எரிக்க, கடைசிப் பகுதி கரியைச் சாம்பலாக்க. ஈரம் மிகுந்தால் உலர்த்தும் வேலையே நடுப்பகுதி வரை நீளும். தீ கடைசிக்குத் தள்ளப்பட்டு, அரைவேக்காட்டுக் கரி சாம்பலோடு விழும். மண்ணும் கண்ணாடியும் உருகிக் கட்டிதட்டித் தட்டியின் காற்றுத் துளைகளை அடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தத் தொல்லை உச்சத்துக்குப் போகும். டீசல் பர்னரைப் போட்டுத்தான் வெப்பத்தைத் தாங்கிப்பிடிக்க வேண்டும். டீசல் ஊற்றித் தண்ணீரைக் காய்ச்சுவதற்கு மின் நிலையம் என்று பெயர் வைக்க முடியாது.

குப்பை எரியும்போது உண்டாகும் டயாக்ஸின் என்ற நச்சுப்பொருள் பற்றிய பயம் நியாயமானது. எரிந்த வாயு 850 டிகிரிக்குக் குறையாமல் இரண்டு விநாடியாவது இருந்தால்தான் அது சிதையும். சிதைந்தது, வாயு 400 டிகிரியிலிருந்து 250 டிகிரிக்கு மெதுவாக ஆறும்போது, பறக்கும் சாம்பலின் மேல் மறுபடியும் உருவாகும். அதனால் அந்த இடைவெளியைச் சீக்கிரம் கடக்கவிட்டு, சுண்ணாம்பும் கிளர்வூட்டிய கரித்தூளும் தூவி, துணிப்பை வடிகட்டியில் பிடிக்க வேண்டும். ஒரு பையில் ஓட்டை விழுந்தாலும், கரித்தூள் தூவும் குழாய் ஒரு ஷிப்ட் அடைத்துக்கொண்டாலும் அதுவரை பட்ட பாடு வீண். ரெக்சின், பிவிசி குழாய், ஒயர் உறை இவற்றிலுள்ள குளோரின் டயாக்ஸினுக்கும் தீனி, கொதிகலன் குழாய்களுக்கும் அரிப்பு. உணவுக் குப்பையின் உப்பிலும் குளோரின் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டயாக்ஸினுக்கான வரம்பு ஒரு கனமீட்டர் வாயுவில் 0.1 நானோகிராம். வாசலில் வைக்கும் மின்னணுப் பலகையில் இந்த எண் வராது. எப்போதாவது மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் அளக்கிறார்கள். அந்த ஒரு நாள் உலை ஒழுங்காக எரிந்திருக்கும். எனவே மக்கள் கேட்க வேண்டியது எரிஅறை வெப்பநிலையும் கார்பன் மோனாக்சைடு அளவும் அரைமணிக்கு ஒருமுறை, பற்றவைக்கும், அணைக்கும் நேரங்கள் உட்பட. கார்பன் மோனாக்சைடு எகிறினால் எரிப்பு சரியில்லை என்று அர்த்தம். உலை மூட்டும்போதும் அணைக்கும்போதும்தான் அது அதிகம் எகிறும்.

உலையின் அளவையும் இப்போதே தீர்மானிக்கக் கூடாது. தினம் இத்தனை டன் தருவோம் என்று மாநகராட்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு மக்கள் நன்றாகப் பிரிக்கப் பிரிக்க உலைக்குத் தரும் டன் குறைந்து மாநகராட்சிக்கே நஷ்டம் என்றாகிவிடும். முதலில் மக்கும் குப்பையை உரத்துக்கும் சாண எரிவாயுக் கலன் போன்றவற்றுக்கும் அனுப்புங்கள். காகிதமும் பாட்டிலும் காயலான் கடைக்குப் போகட்டும். மிஞ்சும் சிப்ஸ் பாக்கெட், கிழிந்த துணி போன்றவற்றை ஒரு வருடம் எடை போட்டுப் பாருங்கள். அதில் பெரும்பகுதியை அரியலூர் சிமென்ட் சூளைகளே ஏற்கும். அங்கே சாம்பலும் சிமென்டோடு கலந்துவிடும். அதற்குப் பிறகும் உலை தேவையா, எத்தனை டன்னுக்கு என்று கணக்குப் போடலாம்.

உலைக்குப் போகும் ஒவ்வோர் 1,000 டன்னுக்கும் 200 டன்னுக்குக் குறையாமல் அடிச்சாம்பலும், 20 முதல் 40 டன் வரை வடிகட்டிச் சாம்பலும் மிஞ்சும். இரண்டாவது, ஈயமும் காட்மியமும் டயாக்ஸினும் சேர்ந்த அபாயக் கழிவு. கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற பாதுகாக்கப்பட்ட குழிக்குத்தான் அது போக வேண்டும். எந்தக் குழிக்கு, யார் செலவில், மூடிய லாரியிலா என்பதை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் மாநகராட்சி வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
கொதிகலன் பொறியாளர்கள் சிலர்,
வியாசர்பாடி, சென்னை.