கரைப்பான் மாசைச் சூடேற்றி அகற்றும் திட்டங்களுக்கு ஒப்புதல் வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மாசுபட்ட நிலங்களின் சீரமைப்புத் திட்டங்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கவும் துணிகளை உலர்சலவை செய்யவும் பல ஆண்டுகள் பயன்பட்ட ட்ரைகுளோரோஎத்திலீன், டெட்ராகுளோரோஎத்திலீன் ஆகிய கரைப்பான்கள் தரைக்கடியில் தேங்கிய இடங்களில், நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் திட்டம் உங்கள் மேசைக்கு வந்தால், மாசு கிளம்பும் மூலப் பகுதி களிமண்ணில் இருக்கிறதா என்று முதலில் கேட்குமாறு வேண்டுகிறேன். இருக்கிறது என்றால், நிலத்தைச் சூடேற்றும் முறையையும் சரிசமமாக ஆராயாமல் அத்திட்டத்திற்கு ஒப்புதல் அளிக்க வேண்டாம்.

இவ்விரு திரவங்களும் நீரைவிட முறையே சுமார் 1.46, 1.62 மடங்கு அடர்த்தியானவை. எனவே அவை நிலத்தடி நீர்மட்டத்தையும் கடந்து கீழிறங்கி, களிமண் அடுக்கின் மேல் தங்கி, ஆண்டுக்கணக்கில் அதற்குள் ஊடுருவுகின்றன. இறைக்கும் நீர் மணலின் வழியே ஓடிவிடும். களிமண்ணுக்குள் இருப்பதை அது தொடுவதே இல்லை. பம்பை நிறுத்தியதும் களிமண் தான் உறிஞ்சியதை மெல்ல வெளிவிடத் தொடங்க, கிணற்று நீரில் மாசின் அளவு மீண்டும் ஏறுகிறது. அமெரிக்காவில் குடிநீரில் ட்ரைகுளோரோஎத்திலீனுக்கான வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அதன்படி பார்த்தால் ஒரே ஒரு லிட்டர் கரைப்பான் ஏறத்தாழ 29 கோடி லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுவரப் போதுமானது. மண்ணில் எஞ்சும் சிறு பங்கும் எனக்குப் பெரிதாகப் படுவது இதனால்தான்.

மணலுக்கும் களிமண்ணுக்கும் இடையே நீர் ஊடுருவும் திறன் பத்து லட்சம் மடங்கும் அதற்கு மேலும் வேறுபடலாம். வெப்பத்தைக் கடத்தும் திறனோ சில மடங்குக்குள் அடங்கிவிடுகிறது. மின்முனைகளைப் புதைத்து மண்ணிலேயே மின்சாரம் பாய்ச்சும் முறையில், மின்சாரத்தை எளிதில் கடத்தும் களிமண்ணே பெரும்பாலும் முதலில் சூடாகிறது. நீர் எளிதில் ஓடும் மணலுக்கு நீராவி செலுத்துவது பொருந்தும். 100 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் தேவைப்படும் மாசுகளுக்குச் சூடேற்றும் கம்பிகள் பொருத்திய கிணறுகள் ஏற்றவை. நமது கரைப்பான்களுக்கு அவ்வளவு வெப்பம் தேவையில்லை. தனியாக 87 பாகையில் கொதிக்கும் ட்ரைகுளோரோஎத்திலீன், நீரோடு சேர்ந்திருக்கையில் சுமார் 73 பாகையிலேயே கொதிக்கிறது. 121 பாகையில் கொதிக்கும் டெட்ராகுளோரோஎத்திலீனுக்கு நீரின் துணையோடு ஏறக்குறைய 88 பாகை போதும். ஆவி களிமண்ணுக்குள்ளேயே உருவாகி வெளியேற வழி தேடுகிறது. அதை வெற்றிடக் கிணறுகள் உறிஞ்ச, மேலே குளிர்வித்துத் திரவமாக்கியும் கரித்தூள் கலன்களில் செலுத்தியும் பிடித்துவிடலாம்.

ஆனால் அந்த ஆவியைப் பிடிக்கத் தவறினால், நிலத்துக்குள் அடங்கியிருந்த நஞ்சை நாமே பக்கத்து வீட்டின் தரைக்கடிக்கு அனுப்பியவர்கள் ஆவோம். உறிஞ்சும் அமைப்பு முழுமையாக இயங்குவதைச் சோதித்த பிறகே மின்சாரம் பாய்ச்ச வேண்டும் என்பது ஒப்புதல் ஆணையிலேயே இருக்கட்டும். சூடேறும் பகுதியின் எல்லை மாசின் எல்லையைத் தாண்டிச் செல்ல வேண்டும். இல்லாவிட்டால் வெளியேறும் ஆவி விளிம்பின் குளிர்ந்த மண்ணில் மறுபடி திரவமாகிவிடும். வேகமாக ஓடும் நிலத்தடி நீர் வெப்பத்தை அடித்துச் சென்றுவிடுமாதலால், அதைத் தடுக்கும் ஏற்பாட்டையும் கேளுங்கள். வெப்பத்தில் இளகும் பிளாஸ்டிக் குழாய்கள் அங்கே புதைந்திருக்கின்றனவா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் உங்கள் உறுதி மிகவும் தேவைப்படும். வெப்பமானிகள் குறித்த பாகையைக் காட்டியதையோ ஒப்பந்த நாட்கள் முடிந்ததையோ வைத்துப் பணி நிறைவு பெற்றதாக ஏற்காதீர்கள். களிமண்ணிலிருந்தே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். குழாய் இறக்கி எடுக்கும் சூடான மண்ணுருளையை வெளியே எடுத்தவுடன் திறந்தால் கரைப்பான் காற்றில் பறந்து, ஆய்வகத்தில் மண் பொய்யாகத் தூய்மை காட்டும். அந்த உருளை அடங்கிய உறைக்குழாயின் இரு முனைகளையும் உடனே மூடி, பனிக்கட்டியில் வைத்து ஆறவிட்ட பிறகே அதிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். அதற்குப் பொறுப்பானவர் களத்தில் நிற்கிறாரா என்று நீங்கள் நேரில் சென்றே பார்க்கலாம்.

இம்முறை மின்சாரத்தை மிகுதியாகக் கேட்கிறது என்ற ஆட்சேபம் நியாயமானதே. நீர் நிறைந்த ஒரு கன மீட்டர் மண்ணை 15 பாகையிலிருந்து 100 பாகைக்கு ஏற்றவே சுமார் 65 யூனிட் ஆகும். ஆவியாக்கமும் வெப்ப இழப்பும் சேர்ந்தால் இது பல மடங்காகும். ஆகவே நீரோட்டத்தோடு நெடுந்தொலைவு பரவிய மெல்லிய மாசுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அடர்ந்த மூலப் பகுதிக்கு மட்டும் இதைப் பயன்படுத்தினால், சில மாதங்கள் முதல் ஓராண்டு வரையிலான சூடேற்றத்தையும் பல பத்தாண்டுகள் ஓடும் பம்பின் செலவையும் எதிரெதிரே வைத்து ஒப்பிடலாம். அந்த ஒப்பீட்டை இரு பக்கமும் முழு ஆயுட்கால மின்கணக்கோடும், மண் ஆறிய பின் மாசு மீண்டும் ஏறுகிறதா என்று கண்காணிக்கும் செலவோடும் சமர்ப்பிக்குமாறு ஒவ்வொரு விண்ணப்பதாரரிடமும் கேளுங்கள்.

இப்படிக்கு,
நிலத்தடி நீர்ப் பாதுகாப்பில் அக்கறை கொண்ட ஒருவர்