அரசிடம் ஏற்கெனவே இருக்கும் விவரங்களை விவசாயியிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
காவிரிக் கடைமடைப் பகுதியைச் சேர்ந்த சிறு விவசாயி
(பெயர், முகவரி, கைப்பேசி எண் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
வேளாண்மை உற்பத்தி ஆணையர் மற்றும் அரசுச் செயலாளர் அவர்கள்,
வேளாண்மை – உழவர் நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: பயிர்க் கடன், பயிர்க் காப்பீடு, நெல் கொள்முதல், நிவாரணம் ஆகியவற்றுக்கு ஒரே ஆவணங்களைப் பலமுறை கேட்பதைத் தவிர்த்தல் – புதிய படிவங்களை நடைமுறைப்படுத்தும் முன் விவசாயிகளின் கருத்தைக் கேட்டல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் சம்பாவும் தாளடியும் சாகுபடி செய்பவன். கூட்டுப்பட்டாவில் கொஞ்சம் சொந்த நிலமும், கோயில் நிலத்தில் கொஞ்சம் குத்தகையும் உண்டு. இந்த மனுவில் நான் பணம் கேட்கவில்லை. கொள்முதல் விலை, மேட்டூர்த் தண்ணீர், ஈரப்பதத் தளர்வு எதைப் பற்றியும் பேசவில்லை; அவற்றுக்கெல்லாம் தனித்தனி மனுக்கள் தங்கள் மேசையில் இருக்கும். அரசு எங்களிடம் கேட்கும் தகவல்களைப் பற்றியும், அவற்றைக் கொடுப்பதற்கு நாங்கள் இழக்கும் பொழுதைப் பற்றியும் மட்டுமே எழுதுகிறேன்.

ஒரு சம்பா பட்டத்தை, அதாவது ஒரு சாகுபடிப் பருவத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க் கடன் கேட்டால் சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற விவரம்), அடங்கல் (அதில் என்ன பயிர் என்ற பதிவு), ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். சில வாரங்களில் காப்பீட்டுக் கெடு வரும். வழக்கமாக நவம்பரில், வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரத்தில் அது முடியும். அதற்கும் சிட்டா, அடங்கல், ஆதார், கணக்குப் புத்தகம். அறுவடை முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் பதிவு செய்யப் போனால் மறுபடியும் சிட்டா, அடங்கல், ஆதார், கணக்குப் புத்தகம். நடுவில் வெள்ளம் வந்து பயிர் மூழ்கிவிட்டால், 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று கணக்கெடுப்பில் வந்தவர்களிடம் நிவாரணத்துக்காக அதே நகல்களை இன்னொரு முறை வாங்குகிறார்கள். நிலம் அதேதான். பயிரும் அதேதான். விவசாயியும் நேற்று வந்த அதே ஆள்தான்.

இவற்றில் எந்தக் காகிதமும் நாங்கள் உண்டாக்கியது அல்ல. சிட்டா வருவாய்த்துறையின் கணினியில் இருக்கிறது. அடங்கல் என்பது கிராம நிர்வாக அலுவலர் பராமரிக்கும் கிராமக் கணக்கு எண் 2. எந்தப் புல எண்ணில், எந்த உட்பிரிவில், எந்தப் பசலியில் (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டில்) என்ன பயிர் என்று அரசு தனக்காகவே எழுதி வைக்கும் பதிவு அது. அந்தப் பதிவிலிருந்து ஒரு தாளைப் பெயர்த்தெடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, அரசின் இன்னொரு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் எங்கள் வேலையாகிவிட்டது. ஒரே வீட்டின் இரண்டு அறைகளுக்கு நடுவில் கடிதம் சுமக்கும் ஆளைப் போல நாங்கள் நடக்கிறோம். அந்த ஆளுக்காவது கூலி உண்டு. இங்கே ஜெராக்ஸ் செலவும் பஸ் கட்டணமும் எங்களுடையவை.

கிராம நிர்வாக அலுவலர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. எங்கள் பகுதியில் ஒருவரே இரண்டு மூன்று கிராமங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். காப்பீட்டுக் கெடு நெருங்கும் வாரத்தில் மொத்த ஊரும் அவர் வாசலில் நிற்கிறது. அவர் வயலைப் பார்த்துவிட்டு அடங்கல் எழுத வேண்டும் என்பது விதி; அந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு எத்தனை வயலைப் பார்க்க முடியும் என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்கலாம். சரிபார்ப்பதற்காக ஏற்பட்ட காகிதம், அவசரத்தில் சரிபார்க்காமலே எழுதப்படுகிறது.

பெயர்ப் பொருத்தம் என்பது தனித் தொல்லை. பட்டாவில் தகப்பனார் பெயர் முன்னெழுத்தாக இருக்கும். ஆதாரில் முழுப் பெயராக இருக்கும். வங்கியில் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்று மாறியிருக்கும். மூன்றும் பொருந்தவில்லை என்று கணினி திருப்பி அனுப்பினால், எதைத் திருத்துவது, யாரிடம் போவது என்று அந்தக் கணினி சொல்வதில்லை. அளவையும் அப்படித்தான். நாங்கள் மாவிலும் குழியிலும் பேசுகிறோம். மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். சிட்டா ஹெக்டேர், ஏர் என்று சொல்கிறது. கடனும் காப்பீடும் ஏக்கரில் பேசுகின்றன. ஒருவர் கையால் மாற்றி எழுதும்போது புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால், காப்பீடு செய்த பரப்பு ஒன்று, கொள்முதலில் பதிந்த பரப்பு வேறொன்று என்றாகி, விவசாயி பொய் சொன்னவராக நிற்கிறார். உரக்கடையில் கைரேகைக் கருவி அறுபது வயதைத் தாண்டிய விரல்களைப் பெரும்பாலும் அடையாளம் காண்பதில்லை. சேற்றிலும் வரப்பிலும் தேய்ந்த விரல்கள் அவை. ஓடிபி வருகிற எண்ணோ திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருக்கும்; அவன் ஷிப்ட்டில் இருந்தால் இங்கே வரிசை நிற்கும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடுமையாக அடிபடுபவர் குத்தகை விவசாயி. டெல்டாவில் கோயில், மடம், அறக்கட்டளை நிலங்களில் பயிர் செய்பவர்கள் ஏராளம். பட்டா சுவாமி பெயரில் இருக்கிறது. சுவாமியிடம் கையெழுத்து வாங்க முடியாது. கோயில் நிர்வாகம் குத்தகை பாக்கி இருக்கிறது என்று சொல்லிச் சான்று தர மறுத்தால், அந்தப் பட்டத்துக்குக் கடனும் இல்லை, காப்பீடும் இல்லை. தனியார் நிலத்தில் வாய்மொழிக் குத்தகை என்றால் நிலைமை இன்னும் மோசம். 1969-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண் நிலங்கள் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி பெயர் பதிந்துவிடுவாரோ என்று நில உரிமையாளர் அஞ்சுகிறார். ஆகவே எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை. முடிவில், விதைத்தவர் ஒருவர், காப்பீட்டுப் பதிவில் இருப்பவர் வேறொருவர். நெல் உரிமையாளர் பெயரில் கொள்முதலாகிறது. பணம் அவர் கணக்குக்குப் போகிறது. குத்தகைதாரர் அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கிறார். விவசாயிகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை தரும் பி.எம். கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் நிலம் பெயரில் இருப்பவருக்கே. ஒரு படிவம் யாரைக் கேள்வி கேட்கிறது என்பதோடு, யாரைக் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பதையும் தங்கள் துறை பார்க்க வேண்டும்.

முறைகேட்டைத் தடுக்கத்தான் இவ்வளவு ஆவணம் என்று பதில் வரும் என்பது தெரியும். அந்தக் கவலை நியாயமானதுதான். 2020-இல் இதே தமிழ்நாட்டில் பி.எம். கிசான் திட்டத்தில் தகுதியற்ற லட்சக்கணக்கானோர் சேர்க்கப்பட்டதும், சுமார் 110 கோடி ரூபாய் அவர்கள் கணக்குக்குப் போனதும், சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்ததும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் அது எப்படி நடந்தது? அலுவலர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த கணினிக் கடவுச்சொற்கள் இடைத்தரகர்கள் கைக்குப் போனதால் நடந்தது. எந்த விவசாயியும் ஒரு ஜெராக்ஸ் குறைவாகக் கொடுத்ததால் நடக்கவில்லை. கொள்முதல் நிலையங்களில் விவசாயி பெயரில் வியாபாரிகள் நெல் போடுவதைத் தடுக்க அடங்கல் கேட்பதாகவும் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, காகிதங்கள் ஒன்றுகூடக் குறையாமல் வரிசையில் நிற்பவர் வியாபாரிதான். தாள் சேர்ப்பது அவருக்குத் தொழில். எங்களுக்கு அது தொழிலைக் கெடுக்கும் வேலை.

மத்திய அரசு 2024 செப்டம்பரில் 2,817 கோடி ரூபாய் மதிப்பில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன்படி நில ஆவணத்தோடு இணைத்து விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டிலும் 2025 முதல் முகாம்களில் பதிந்தார்கள். வயல் வயலாக மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பும் நடக்கிறது. இதை நான் வரவேற்கிறேன். எண் வந்தால் நகல் போய்விடும் என்று முகாமில் சொன்னார்கள். எங்கள் பகுதியில் எண் வந்தது, நகல் போகவில்லை. பழைய பட்டியலின் கடைசியில் விவசாயி அடையாள எண்ணும் ஓர் ஆவணமாகச் சேர்ந்துகொண்டது.

இந்த இடத்தில் வேறொரு நாட்டின் நடைமுறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அமெரிக்காவில் 1980-இல் காகிதச் சுமைக் குறைப்புச் சட்டம் வந்தது. 1995-இல் அதைத் திருத்தி வலுப்படுத்தினார்கள். அங்கே கூட்டரசின் ஒரு துறை பத்துப் பேரிடமோ அதற்கு மேற்பட்டவர்களிடமோ ஒரே மாதிரியான விவரத்தைக் கேட்க வேண்டுமானால், முதலில் அந்த யோசனையை அரசிதழில் வெளியிட்டு 60 நாட்கள் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். எதற்காக இந்த விவரம், வேறெங்கும் கிடைக்காதா, நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்றெல்லாம் எழுத வேண்டும். பிறகு மேலாண்மை மற்றும் பட்ஜெட் அலுவலகம் அதைப் பரிசீலிக்கும். அப்போது இன்னும் 30 நாட்கள் கருத்துச் சொல்லலாம். ஒப்புதல் எண்ணும் நேர மதிப்பீடும் படிவத்திலேயே அச்சாகின்றன. அந்த எண் இல்லாத படிவத்தை நிரப்பவில்லை என்பதற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது. அங்கே காகிதமே ஒழிந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. ஆனால் குடிமகனின் நேரமும் ஒரு செலவு, அதை அரசு கணக்கில் காட்ட வேண்டும் என்பதைச் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் சட்ட வரைவுகளை 30 நாட்களாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-இல் மத்திய அரசு ஒரு கொள்கை முடிவு எடுத்தது. படிவத்துக்கு அப்படி எதுவும் இல்லை. சட்டம் என் வீட்டுக்கு வருவதில்லை ஐயா, படிவம்தான் வருகிறது.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இது. ஒரு பட்டத்துக்கு ஒருமுறை பயிர்ப் பதிவு முடிந்தால், கடன் சங்கம், காப்பீட்டு நிறுவனம், கொள்முதல் நிலையம், நிவாரணக் கணக்கெடுப்பு நான்கும் அந்தப் பதிவையே எடுத்துக்கொள்ள வேண்டும். விவசாயியிடம் அடங்கல் நகல் கேட்கக் கூடாது என்று வருவாய், கூட்டுறவு, உணவுத் துறைகளோடு கலந்து ஆணை பிறப்பிக்க வேண்டும். அந்த இணைப்பு முடியும்வரை, பட்டத் தொடக்கத்தில் வாங்கிய ஒரே அடங்கல் அந்தப் பட்டம் முழுவதும் எல்லா இடத்திலும் செல்லும் என்றாவது அறிவிக்கலாம். இதற்குப் புதிய மென்பொருளோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். வரும் சம்பாவுக்கு முன் செய்ய முடிகிற காரியம் இது என்பதால் இதையே முதன்மையாகக் கேட்கிறேன்.

பதிவில் பயிரோ பரப்போ தவறாக இருந்தால், அதைப் பார்க்கவும் மறுக்கவும் விவசாயிக்கு வழி வேண்டும். கணக்கெடுப்பு முடிந்ததும் புல எண் வாரியான பட்டியலை, ஆதார், கைப்பேசி, வங்கி விவரங்கள் இல்லாமல், கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒட்டலாம். பக்கத்து வயல்காரருக்குத் தெரியாத பொய் எதுவும் ஊரில் இல்லை. எந்தச் செயலியையும்விட அது நல்ல சரிபார்ப்பு. எழுத்துக்கூட்டல், முன்னெழுத்து வேறுபாட்டுக்காக மட்டும் விண்ணப்பத்தைத் திருப்பக் கூடாது. திருப்பினால் காரணத்தையும், அதைச் சரிசெய்யும் அலுவலர் யார் என்பதையும் தமிழில் எழுதித் தர வேண்டும்.

குத்தகைதாரரைப் பொறுத்தவரை, நில உரிமையாளரின் கையெழுத்துக்குப் பதிலாகச் சுய உறுதிமொழியையும் கள ஆய்வையும் காப்பீட்டுக்கும் கொள்முதலுக்கும் ஏற்க வேண்டுகிறேன். இந்தப் பதிவு அந்தப் பட்டத்துப் பயிருக்கு மட்டுமே. நில உரிமைக்கோ குத்தகை உரிமைக்கோ சான்றாகாது என்று படிவத்திலேயே அச்சிட்டால் உரிமையாளர்களின் அச்சம் குறையும். இதில் எங்கள் விவசாயிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. நிலம் உள்ளவர்கள் சுய உறுதிமொழியே கூடாது என்கிறார்கள். உழுபவர்களில் சிலரோ அப்படி அச்சிட்டால் இருக்கும் உரிமையும் போய்விடும் என்கிறார்கள். இரு தரப்பையும் அழைத்துப் பேசி முடிவெடுப்பதே முறை.

இனி வரும் எந்தப் படிவத்தையும் செயலியையும் நடைமுறைக்குக் கொண்டுவரும் முன், வரைவை 30 நாட்கள் தமிழில் வெளியிட்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் வைக்க வேண்டும். கிராம சபை நாள் அருகில் இருந்தால் அங்கும் படித்துக் காட்டலாம். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே அது எதற்கு, அந்த விவரம் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஒரு வரி இருக்கட்டும். நிரப்பும் நேரத்தைக் கணக்கிடும்போது பேனா ஓடும் நேரத்தை மட்டும் எழுதாமல், இ-சேவை மையத்து வரிசை, சர்வர் வேலை செய்யாத நேரம், கையெழுத்துக்குக் காத்திருக்கும் நேரம் ஆகியவற்றையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன். நடவு நேரத்தில் ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலியோடு அது முடிவதில்லை. முறை வைத்து விடும் பாசனத் தண்ணீர் அந்த நாளோடு போய்விடும்.

கடன், காப்பீடு, கொள்முதல், நிவாரணம் நான்குக்கும் சேர்த்து ஒரே பக்கத்தில் ஒரு மாதிரிப் படிவம் தயாரித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். விவசாயி அடையாள எண், புல எண், இந்தப் பட்டத்துப் பயிர், உழுபவர் உரிமையாளரா குத்தகைதாரரா என்ற நான்கு கேள்விகள்தான் அதில் இருக்கின்றன. ஐந்தாவது கேள்வி தேவை என்று துறை கருதினால், அது எதற்கு என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறும், இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையைச் சம்பா விதைப்புக்கு முன் தெரியப்படுத்துமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: மாதிரிப் படிவம் – ஒரு பக்கம்.

நகல்: வருவாய் நிர்வாக ஆணையர் அவர்கள், கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் அவர்கள், மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம்.