சர்வரோடு அதன் செய்முறையையும் கேட்டு வாங்குங்கள்: ஒப்பந்தப்புள்ளி விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

அரசுத் துறைகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் மென்பொருள் ஒப்பந்தப்புள்ளிகளின் விதிமுறைகளை வகுக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். ஒரு துறையின் இணையச் சேவையைக் கிளவுடில், அதாவது இணையவழி வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளில், நிறுவித் தரும் ஒப்பந்தம் முடியும்போது அத்துறையின் கைக்கு என்ன வந்து சேர வேண்டும் என்பது குறித்து எழுதுகிறேன். மூலநிரல், பயனர் கையேடு, பயிற்சி, பராமரிப்புக் காலம் ஆகியவற்றை விதிகளில் எழுதிவிடுகிறோம். ஆனால், அந்த மென்பொருள் ஓடுகிற சர்வரை எப்படி அமைத்தார்கள் என்பதற்கு, ஸ்கிரீன்ஷாட்டுகள் ஒட்டிய ஒரு வேர்ட் கோப்பு வந்தாலே போதுமென்று கையொப்பமிட்டு ஏற்றுக்கொள்கிறோம். அந்தச் செய்முறையை, கணினியே வாசித்து நிறைவேற்றக்கூடிய கட்டமைப்புக் கோப்புகளாகப் பெற வேண்டும் என்பதும், அவற்றைக் கொண்டு புதிய சர்வர் ஒன்றை எழுப்பிப் பார்த்த பின்பே இறுதித் தவணையை விடுவிக்க வேண்டும் என்பதும் என் கோரிக்கை.

ஒப்பந்ததாரர்கள் விட்டுச்சென்ற சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். எனக்கு வந்து சேரும் நிறுவல் கையேடுகளில் 'கீழ்க்கண்டவாறு மாற்றவும்' என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே, எழுத்தே தெரியாத அளவுக்குச் சுருங்கிய படம் ஒன்று இருக்கும். அந்தக் கையேடு எழுதப்பட்ட பின்னர் யாரோ ஒருவர் இரவில் உள்ளே நுழைந்து இணையதளத்தை இயக்கும் பிஎச்பி மொழியின் நினைவக வரம்பை உயர்த்தியிருப்பார், பாதுகாப்பு அரணான ஃபயர்வாலில் ஒரு போர்ட்டைத் (நுழைவழியைத்) திறந்திருப்பார், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஒரு வேலையைச் சேர்த்திருப்பார். இவற்றுள் எதுவும் எந்தத் தாளிலும் இராது. சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30ஆம் நாளோடு நின்றுபோயின என்பதும், அந்நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது என்பதும் அனைவரும் அறிந்ததே. இருந்தும் அதில் ஓடும் இத்தகைய சர்வர்களை வேறு தளத்துக்கு மாற்ற எவருக்கும் துணிவு வருவதில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒன்றை மீண்டும் கட்டுவது எப்படி?

சர்வரின் அமைப்பைக் கோப்பாக எழுதி நிறைவேற்றும் கருவிகள் நேற்று முளைத்தவை அல்ல. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்கெஸ் சிஎஃப்எஞ்சின் என்ற கருவியை 1993இலேயே உருவாக்கினார். பப்பெட் 2005இலும், ஆன்சிபிள் 2012இலும், டெர்ராஃபார்ம் 2014இலும் வந்தன. கிளவுடில் எத்தனை சர்வர், எந்த நெட்வொர்க், எந்த ஃபயர்வால் விதி என்பதை டெர்ராஃபார்ம் கோப்பு சொல்கிறது. எழுந்த சர்வரின் உள்ளே எது இருக்க வேண்டும் என்பதை ப்ளேபுக் எனப்படும் ஆன்சிபிள் கோப்பு சொல்கிறது. என்ஜின்எக்ஸ் என்ற இணையதள மென்பொருள் நிறுவப்பட்டிருக்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நேர மண்டலம் கொல்கத்தாவாக இருக்க வேண்டும் என்று எட்ட வேண்டிய நிலையை எழுதிவிட்டால், ஆன்சிபிள் எஸ்எஸ்எச் எனும் பாதுகாப்பான தொலைவழி இணைப்பு மூலம் உள்ளே போய், குறைந்ததை மட்டும் சரிசெய்துவிட்டு வெளியேறும். அதே ப்ளேபுக்கை உடனே இரண்டாம் முறை ஓட்டினால், முடிவு வரியில் மாற்றங்களின் எண்ணிக்கை 0 என்று காட்ட வேண்டும். தொழில்நுட்பம் படிக்காத கணக்கு அலுவலரும் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய சான்று இது.

கையால் செய்வதன் ஆபத்துக்கு 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வணிக நிறுவனத்துக்கு நேர்ந்ததே போதும். எட்டு சர்வர்களில் ஏழில் புதிய நிரலை ஏற்றியவர் எட்டாவதை விட்டுவிட்டார். அதில் உறங்கிக் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, சந்தை திறந்த 45 நிமிடங்களில் லட்சக்கணக்கான வணிகங்களைச் செய்து தள்ளியது. இழப்பு 46 கோடி டாலருக்கு மேல் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் பதிவு செய்தது. ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துவடிவ நடைமுறை அங்கே இருக்கவில்லை. கோப்பாக இருக்கும் மாற்றத்தை, கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருளில் இன்னொருவர் படித்து ஒப்பமிடலாம். இரவில் தட்டச்சிட்ட கட்டளையை யார் படிப்பது?

கருவி வைத்துச் செய்தால் தவறும் ஒரே நொடியில் எல்லா சர்வருக்கும் பரவிவிடாதா என்று கேட்பீர்கள். பரவும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசான் கிளவுடின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவையில், வழக்கமான ஒரு கட்டளையில் தவறாக இட்ட ஒற்றை உள்ளீடு தேவைக்கு மேல் சர்வர்களை அகற்றியதால், எண்ணற்ற இணையதளங்கள் சில மணி நேரம் முடங்கின. அதனால்தான், எதையும் மாற்றாமல் என்ன மாறும் என்பதை மட்டும் காட்டும் முன்னோட்டத்தை முதலில் ஓட்ட வேண்டும். பிறகு சர்வர்களைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து, மாற்றத்தைத் தொகுதி தொகுதியாகச் செய்ய வேண்டும். இரண்டு வசதிகளும் ஆன்சிபிளிலேயே உள்ளன. விதிகளில் இவற்றையும் கட்டாயமாக்குங்கள்.

கோப்புகளைக் கேட்பதோடு நிற்கக் கூடாது. கடைசி நாளில் அவசரமாக எழுதித் தரும் ப்ளேபுக்கும் அந்த வேர்ட் கோப்புக்கு ஒப்பானதே. ஆகவே முதல் நாளிலிருந்தே துறையின் சொந்த கிட் கணக்கில் அவை சேர்ந்துவர வேண்டும். டெர்ராஃபார்ம் தான் உருவாக்கியவற்றின் கணக்கை ஸ்டேட் கோப்பு ஒன்றில் வைத்துக்கொள்கிறது. அது தொலைந்தால், தான் கட்டியதையே அதனால் அடையாளம் காண இயலாது. மேலும், கடவுச்சொற்கள் அதில் வெற்றெழுத்தாகக் கிடக்க வாய்ப்புண்டு. இந்தக் கோப்பு ஒப்பந்ததாரரின் ஊழியர் ஒருவருடைய மடிக்கணினியில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது துறையின் கணக்கில், மறைகுறியாக்கப்பட்ட சேமிப்பகத்தில் இருக்க வேண்டும். கிளவுட் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லும் டொமைன் பதிவும் அவ்வாறே துறையிடமே இருக்க வேண்டும்.

ஏற்புச் சோதனையைத் துறையின் ஊழியர்தாம் நடத்த வேண்டும். வெறுமையான கிளவுட் கணக்கு ஒன்று, ஒப்படைக்கப்பட்ட கோப்புகள், தரவுத்தளத்தின் நேற்றைய காப்புநகல்: இவை மூன்றை மட்டும் கொண்டு சேவை எழ வேண்டும். ஒப்பந்ததாரரைத் தொலைபேசியில் அழைக்க நேர்ந்தால் சோதனை தோற்றது என்று பொருள்.

கருவியின் பெயரை விதியில் எழுத வேண்டாம். டெர்ராஃபார்மின் உரிமத்தை அதன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் கட்டுப்பாடு மிக்கதாக மாற்றியது. அதிலிருந்து கிளைத்த ஓப்பன்டோஃபு லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் திறந்த உரிமத்தோடு தொடர்கிறது. திறந்த உரிமம் கொண்ட, பரவலாகப் புழங்கும் கருவி என்று எழுதினால் போதும்.

இதனால் ஒப்பந்தத் தொகை கூடும் என்ற வாதம் எழும். தேர்ந்த ஒப்பந்ததாரர்கள் தங்கள் வசதிக்காக இக்கருவிகளை முன்பே பயன்படுத்துகிறார்கள், கேட்காததால் ஒப்படைப்பதில்லை. ஏற்கெனவே கையால் கட்டப்பட்ட சர்வர்களுக்கு மட்டும் உண்மையிலேயே கூடுதல் உழைப்பு தேவை. அவற்றுக்கு, பராமரிப்பு ஒப்பந்தம் அடுத்துப் புதுப்பிக்கப்படும்போது கட்டமைப்புக் கோப்புகளை எழுதித் தருவதைத் தனிப் பணியாக விலைப்பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அந்தப் பணிக்கும் அதே ஏற்புச் சோதனை பொருந்தட்டும்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியாளர் ஒருவர்